மேட்டுக்கு அந்தப் பக்கம் காவிரி

பெங்களூர் தொம்மலூரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. பாத்திரம் கழுவி, துணி அலசி, சாக்கடையில் இறங்கியதும் அது தென்பெண்ணை. இதைச் சொன்னால் இங்கே நாற்பது வருடமாகக் குடியிருக்கிறவர்கள்கூட கதை விடுகிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

கதை இல்லை. பெங்களூரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு மேடு ஓடுகிறது. அதற்கு மேற்கே பெய்யும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, காவிரிக்குப் போகிறது. கிழக்கே எங்கள் பக்கம் பெய்வது கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பிறகு தட்சிண பினாகினிக்கும் போகிறது. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் அதுவே தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி, அப்புறம் கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று அணை அணையாகத் தங்கி, கடலூரில் கடலில் விழுகிறது. தொம்மலூர் இருப்பது கிழக்குச் சரிவில். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தொரேகாடனஹள்ளியில் எடுத்து, வழியில் மூன்று இடங்களில் மோட்டார் வைத்துத் தள்ளி, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிற காவிரியை மேட்டுக்கு இந்தப் பக்கம் கவிழ்த்துவிடுகிறோம்.

எனக்கு ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அர்த்தநாரீஸ்வரர் மலைக்கு அடுத்தபடியாக எங்கள் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ரிக் வண்டிதான். ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ ரோட்டோரம் போர் போடுகிற லாரி நின்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், டிஎன் 34 என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எண்பதுகளின் கடைசியில் அப்படி ஒரு வண்டியில் ராடு மாட்டுகிற பையனாகப் பெங்களூர் வந்தேன். பிறகு டிரில்லர் ஆனேன், மோட்டார் இறக்கித் தூக்கும் வேலை பார்த்தேன், தொம்மலூரில் ஒரு சின்னக் கடை போட்டு ஒப்பந்தம் எடுத்தேன். இப்போது தரையிலிருந்து தண்ணீர் எடுக்கிற வேலையைவிடத் தரைக்குள் தண்ணீர் இறக்குகிற வேலைதான் அதிகம் வருகிறது. இரண்டையும் கையால் செய்தவன் என்கிற முறையில்தான் ஆற்றைப் பற்றிப் பேசத் துணிகிறேன்.

போர் போடுவதைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. கீழே எங்கேயோ ஒரு ஏரி கிடக்கிறது, குழாய் அதைத் தொட்டால் தண்ணீர் பீச்சும் என்று. இந்த ஊருக்கு அடியில் அப்படி எதுவும் கிடையாது. மேலே செம்மண். அதற்குக் கீழே ஐம்பது அடியோ, சில இடத்தில் நூறு அடியோ, கையில் எடுத்து நசுக்கினால் உதிர்ந்துபோகிற சிதைந்த பாறை. அப்புறம் எவ்வளவு போனாலும் கெட்டிப் பாறைதான், புவியியல்காரர்கள் நைஸ் என்று சொல்கிற வகை. தண்ணீர் தங்குவது பெரும்பாலும் சிதைந்த பாறையில். கெட்டிப் பாறைக்குள் இருப்பவை வெடிப்புகள். அவை தண்ணீரைக் கடத்தும், அதிகம் சேர்த்து வைக்காது. ஆறரை இஞ்ச் பிட் பாறையில் இறங்கும்போது கம்ப்ரஸர் காற்றோடு வெள்ளைப் புழுதி எழும்பித் தெருவையே மூடும். வெடிப்பு கிடைத்ததும் புழுதி அடங்கிச் சேறு தெறிக்கும், அப்புறம் தண்ணீர். அதை வாய்க்கால் வெட்டி, நடுவில் ‘வி’ வடிவம் வெட்டிய தகட்டை வைத்து ஓடவிட்டு, ‘ஒன்றரை இஞ்ச்’, ‘ரெண்டு இஞ்ச்’ என்று சொல்வோம். வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார். எங்களுக்குச் சாப்பாடு பலமாக இருக்கும்.

அந்த ரெண்டு இஞ்ச் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. மேலேயிருக்கிற சிதைந்த பாறையில் பல வருட மழை ஊறி நிற்கிறது. அதுதான் வெடிப்பு வழியாகக் கீழே இறங்கி வருகிறது. மேல்மண் சரியாமல் இருக்கக் கெட்டிப் பாறை வரைக்கும் கேசிங் பைப் இறக்கி அடைத்துவிடுகிறோம் அல்லவா, அதனால் மேல்தண்ணீரைத் தொடவில்லை என்று தோன்றும். தொடுகிறோம், கொஞ்சம் தாமதமாக. ஒரு தெருவில் நாலைந்து போர் இறங்கிய சில வருடங்களில் அந்தத் தெருவின் திறந்த கிணறுகள் வற்றியது இப்படித்தான். கிணற்றுக்காரர் மழையைத் திட்டுவார்.

கிணறு வற்றுகிற அதே காரணத்தால் ஆறும் வற்றும். மழை நின்று மாதக்கணக்கில் ஆன பிறகும் ஓர் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால், அது இரண்டு பக்கத்து நிலத்துக்குள்ளிருந்தும் கசிந்து வருவது. நிலத்தடி மட்டம் ஆற்றின் தரைக்குக் கீழே போய்விட்டால் அந்தக் கசிவு நின்றுவிடும். அதோடு போகாது, அடுத்த மழையில் வருகிற வெள்ளத்தையும் காய்ந்த தரை குடித்துவிடும்.

அர்க்காவதிக்கு நடந்தது இதுதான். நந்தி மலையில் பிறந்து, தொட்டபள்ளாபூர், நெலமங்கலா பக்கத்து ஊர்களின் தண்ணீரை வாங்கிக்கொண்டு வருகிற ஆறு. பெங்களூருக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொடுத்த ஹெசரகட்டா ஏரியும், 1933-ல் கட்டி முடித்த திப்பகொண்டனஹள்ளி அணையும் அதன் மேல்தான் இருக்கின்றன. 1974-ல் காவிரி வருவதற்கு முன்பு நகரமே அந்த ஆற்றை நம்பியிருந்தது. நாங்கள் ரிக் ஓட்டிய காலத்தில் அந்தப் பக்கம் ஊர் ஊராகப் போர் போட்டோம். தைல மரத் தோப்புகளும் பெருகிக்கொண்டே போயின. திப்பகொண்டனஹள்ளிக்கு வரத்து குறைந்து, கடைசியில் நகரத்துக்கு அங்கிருந்து தண்ணீர் எடுப்பதையே நிறுத்தும்படி ஆனது. பெங்களூரில் இருக்கிற ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் மழை குறையவில்லை என்று காட்டினார்கள். நிலத்தடி நீரை இறைத்ததும் தைல மரமும்தான் பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் முடிவு. எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. இருநூறு அடியில் கிடைத்த தண்ணீர் எண்ணூறு அடிக்கு, ஆயிரம் அடிக்குப் போனதை ராடு எண்ணிப் பார்த்த ஆட்கள் நாங்கள்.

இதற்கும் ஆற்று நீர் உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அர்க்காவதி காவிரியில் சேருவது கனகபுராவைத் தாண்டி, சங்கமம் என்கிற இடத்தில். அதற்குக் கீழேதான் பிலிகுண்டுலு அளவு நிலையம். தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் கொடுத்த தண்ணீரை அங்கேதான் அளக்கிறார்கள். ஆக, அர்க்காவதி கொண்டுவராத ஒவ்வொரு கன அடியையும் கிருஷ்ணராஜசாகரோ கபினியோ ஈடுகட்ட வேண்டும். தொட்டபள்ளாபூரில் ஒரு விவசாயி பட்டுப்பூச்சிக்கு மல்பெரி வளர்க்க இறைக்கிற தண்ணீர் மண்டியாவில் சாலை மறியலாக முடிகிறது. நடுவில் இருக்கிற தொடர்பு தரைக்கு அடியில் இருப்பதால் இரண்டு பேருக்குமே அது தெரிவதில்லை.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி இங்கே கலவரம் நடந்தபோது எங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டில் சாக்கு கட்டி, ஒரு கல் குவாரிக்குள் நிறுத்தி வைத்திருந்தோம். அடைக்கலம் கொடுத்தது ஒரு கன்னடக்காரக் குடும்பம். 2016 செப்டம்பரில் மறுபடியும் அதே பயம். அந்தக் கதைகளைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. இரண்டு மாநிலமும் சண்டை போட்ட அந்தக் காலம் பூராவும் இரண்டு பக்கமும் போர் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரே பானையில் இரண்டு அகப்பை. மேலே தெரிகிற அகப்பைக்கு மட்டும் சண்டை, உள்ளே கிடக்கிற அகப்பைக்குக் கணக்கே இல்லை.

கணக்கே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. 2007 பிப்ரவரி 5-ல் வந்த நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பில் பெங்களூரின் குடிநீருக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீரே பார்த்துக்கொள்ளும் என்று. அந்தப் பாதி என்பது எங்களைப் போன்றவர்கள் போட்ட போர்கள். அப்போது ஒவ்வொரு கோடையிலும் அவற்றில் எத்தனை புழுதி கக்கிக்கொண்டிருந்தன என்பது மோட்டார் தூக்கப் போன எங்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்காமல், பெங்களூருக்கென்று 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்தது. நகரத்தின் எந்தப் பக்கம் எந்தப் படுகை என்று பார்த்துக் குடிநீரைக் குறைக்க முடியாது என்பது அதன் நிலை. அதே தீர்ப்பில், தமிழ்நாட்டின் டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருப்பதில் 10 டிஎம்சியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சேர்ந்து 14.75 டிஎம்சி கர்நாடகத்துக்கு மாறியது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 192-லிருந்து 177.25 ஆனது.

தஞ்சாவூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. டெல்டாவின் நிலத்தடி நீரில் பெரும்பகுதி காவிரியும் அதன் வாய்க்கால்களும் வயலும் ஊறவிட்டது. ஆற்றைக் குறைத்தால் அதுவும் குறையும். அதை ஆற்றுக்குப் பதிலாக எப்படி வைக்க முடியும்? என் கட்சி இது: நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்தது சரி, ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்தது தவறு. பெங்களூரின் போர்களை எண்ண முடியாது என்று விட்டுவிட்டு டெல்டாவின் போர்களை எண்ணினால், எண்ணத் தெரிந்தவன் தோற்றுப்போவான்.

இதற்கெல்லாம் வேர் பழையது. 1882-ம் வருடத்து ஈஸ்மெண்ட்ஸ் சட்டம் நிலத்துக்கு அடியில் ஓடை போல வரையறுக்கப்படாமல் கசிகிற தண்ணீரை நிலக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பாறை வெடிப்பில் போகிற தண்ணீர் யாருடைய மனைக்கு அடியில் இருந்து யாருடைய மனைக்குப் போகிறது என்று எந்தத் தாசில்தாரும் சொல்ல முடியாது. கர்நாடகத்தில் 2011-ல் நிலத்தடி நீருக்கென்று சட்டம் வந்தது, போர்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் போட்டு, 2013-ல் அதையே ரத்து செய்தார்கள். ஆற்றில் ஒரு மதகைத் திறக்க டெல்லி வரைக்கும் போகிற இரண்டு மாநிலங்களிலும், ஆயிரம் அடிக்குப் போர் போட ரொம்ப காலம் ஒரு போன் போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்திருக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சவுத் பிளாட் என்று ஓர் ஆறு. அங்கே ஆற்றுத் தண்ணீரில் யார் முதலில் உரிமை வாங்கினாரோ அவருக்கு முதல் பங்கு. கிணறுகள் ஆற்றின் தண்ணீரைத்தான் மறைமுகமாக இழுக்கின்றன என்று 1969-ல் சட்டமே போட்டு, கிணற்றையும் அந்த வரிசையில் கொண்டுவந்தார்கள். கிணற்றுக்காரர் வரிசையில் கடைசி. அவர் இறைக்க வேண்டுமானால், ஆற்றுக்கு அதனால் எந்த மாதம் எவ்வளவு குறையுமோ அந்த மாதம் அவ்வளவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காக ஆற்றில் உபரி ஓடும் காலத்தில் தண்ணீரைத் தள்ளியிருக்கும் குட்டைகளுக்குக் கொண்டுபோய் ஊறவிடுகிறார்கள். ஊறினது மணலுக்குள் மெல்ல நகர்ந்து, கோடையில் ஆற்றை வந்து சேரும். குட்டை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் வரும், தள்ளியிருந்தால் மாதங்கள் ஆகும். எந்த மாதத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று பார்த்துக் குட்டைக்கு இடம் தேடுவார்களாம். திருப்பிக் கொடுக்க வழியில்லாதவர்களின் நூற்றுக்கணக்கான கிணறுகளை 2006-ல் அரசு நிறுத்திவிட்டது. பயிர் நட்டுவிட்ட பிறகு நிறுத்தினார்கள் என்று அங்கேயும் சண்டை. அது மணல் பூமி, நமது பாறை பூமி. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆனால் இறைக்கிறவன்தான் ஊறவிட வேண்டும், அதற்கு ரசீது காட்ட வேண்டும் என்கிற முறை எந்தப் பூமிக்கும் பொருந்தும்.

இனி தொம்மலூருக்கு வருகிறேன். இங்கே சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த ஊர் அவ்வளவு பழையது. ஊரின் ஏரி இப்போது இல்லை, அது நகர வளர்ச்சி ஆணையத்தின் (பி.டி.ஏ.) லேஅவுட் ஆகிவிட்டது. பக்கத்துச் சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். கோரமங்களா ஏரியில் 1997 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய குடியிருப்பு நிற்கிறது. மழைத் தண்ணீர் தங்கி ஊறுகிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு மூன்றடி அகலக் குழி வெட்டுகிறோம்.

அந்தக் குழியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2009-ல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு அளவைக் கூட்டி, கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 40-க்கு 60 மனை என்றால் 223 சதுர மீட்டர். ஒரு மாலை மழையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால், மனை முழுக்கக் கூரை என்று வைத்துக்கொண்டால், பதினோராயிரம் லிட்டர் வரும். மூன்றடி அகலம், இருபதடி ஆழத்துக்கு உறை இறக்கிய கிணறு பிடிப்பது சுமார் நாலாயிரம் லிட்டர். மீதியை அது பெய்யப் பெய்ய மண்ணுக்குள் விழுங்கியாக வேண்டும். விழுங்குமா என்பது மனைக்கு மனை மாறும். அதனால்தான் வெட்டி முடித்ததும் ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்றி, எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று உட்கார்ந்து பார்க்காமல் நான் பில் கொடுப்பதில்லை. ஏரி மண்ணில் கட்டிய வீடுகளில் களி வரும். அங்கே இருபதடி போதாது, சிதைந்த பாறை தட்டுகிற வரைக்கும் போக வேண்டும்.

வெட்டுகிறவர்கள் சர்ஜாபூர் சாலைப் பக்கமிருந்து வருகிற மண் ஒட்டர்கள். பரம்பரையாகக் கிணறு தோண்டியவர்கள். போர் வந்து அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது. 2015-ல் பயோம் அமைப்பு பெங்களூருக்குப் பத்து லட்சம் கிணறு என்று ஓர் இயக்கம் தொடங்கிய பிறகு அவர்களுக்கு மறுபடி வேலை வந்தது. என்னோடு வேலை செய்கிற மேஸ்திரி ஒருமுறை மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, நீங்க போட்ட போரால்தான் எங்க அப்பா கிணத்து வேலையை விட்டாரு. இப்ப நீங்களே கூப்பிடுறீங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? கடப்பாரை, மண்வெட்டி, கயிறு. எந்த மண்ணில் உறை வேண்டும், எந்த மண் தானே நிற்கும் என்று அவர்கள் சொல்கிற அளவுக்கு எந்த என்ஜினியரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கூரைத் தண்ணீரை வண்டல் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடலாம். ரோட்டுத் தண்ணீரை நேரடியாகப் போருக்குள் விடச் சொன்னால் அந்த வேலையை எடுக்க மாட்டேன். கிணற்றில் விடுகிற தண்ணீர் மண்ணிலும் சிதைந்த பாறையிலும் வடிந்து போகும். போரில் விட்டால் டீசலும் சாக்கடையும் நேராக வெடிப்புக்குப் போகும், அதை எடுத்து வெளியே போட யாராலும் முடியாது. சில இடங்களில் கணக்குக் காட்டுவதற்காகவே வறண்ட போரைச் சுற்றி ஜல்லி கொட்டி, மழைநீர் சேகரிப்பு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதற்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பது மேல்.

இந்த ஊரின் நடுப்பகுதியில் இன்னொரு விசித்திரம். காவிரிக் குழாய்க் கசிவும் சாக்கடைக் கசிவும் சேர்ந்து, நகர மையத்தில் நிலத்தடி மட்டம் அவ்வளவாக இறங்கவில்லை. காவிரி போகாத புறநகரில்தான் பாதாளத்துக்குப் போய்விட்டது. இந்திய அறிவியல் கழகத்தார் ஊர் முழுக்க மட்டத்தை அளந்து இதைச் சொல்லியிருக்கிறார்கள். தொம்மலூர் பக்கத்தில் மூன்று அடுக்குக்குக் கார் நிறுத்தும் தளம் தோண்டிய கட்டடங்களில் இரவும் பகலும் ஊற்றுத் தண்ணீரை இறைத்து ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர் வடிகாலில் விடுவதை யாரும் பார்க்கலாம். அதே கட்டடத்தின் முன்வாசலில் தண்ணீர் டேங்கர் நிற்கும். பின்வாசலில் ஓடுகிறதைச் சுத்தம் செய்து கழிவறைக்கும் தோட்டத்துக்கும் விட்டால், டேங்கரில் பாதி வேண்டாம். குடிக்க மட்டும் கூடாது, நைட்ரேட் அதிகம்.

குழி வெட்டினால் மட்டும் போதாது என்று எனக்குப் பாடம் எடுத்தது தொம்மலூர் இரண்டாவது ஸ்டேஜ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிற ஓர் அம்மா. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், சேலத்துக்காரர். அவர்கள் அடுக்குமாடியில் நான் இரண்டு கிணறு வெட்டிக் கொடுத்தேன். அடுத்த கோடையில் கூப்பிட்டார்.

“தம்பி, நாங்க மழையை உள்ளே விட்டோம். பக்கத்து பிஜி ஹாஸ்டல்காரர் ராத்திரி பூராவும் மோட்டார் போட்டு எடுத்துக்கிட்டார். உங்க கிணறு யாருக்குங்க?”

“ஏனுங்கம்மா, அடியில வேலி போட முடியுமுங்களா?”

“வேலி வேண்டாம். மீட்டர் போடலாமே.”

அவரே ஹாஸ்டல்காரரிடம் போனார். எதிர்வீட்டுக்கும் போனார். நாலு கட்டடத்துக்காரர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் சண்டையும் உண்டு. ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு போரிலும் மீட்டர். இரண்டு போர் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஒன்று ஓடும்போது அடுத்ததில் மட்டம் இறங்குவதை என் டேப்பை விட்டுக் காட்டிய பிறகுதான் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை, இரவு முழுக்க மோட்டார் நிறுத்தி, காலையில் மட்டம் அளந்து நோட்டில் எழுதுவது. மே மாத மட்டம் போன மே மட்டத்தைவிடக் கீழே இருந்தால் எல்லாரும் ஓட்டுகிற நேரத்தைக் குறைப்பது. அந்த நோட்டு அம்மாவிடம்தான் இருக்கும். யார் வீட்டு மோட்டார் அதிகம் ஓடினது என்று பெயரோடு சொல்வார். அதற்குப் பயந்தே பாதிப் பேர் சரியாக நடந்துகொண்டார்கள்.

2024 மார்ச்சில் ஊர் தண்ணீருக்கு அலைந்தது. நகரத்தில் இருக்கிற 13,900 அரசுப் போர்களில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதல்வரே சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். மார்ச் 15 முதல் அனுமதி இல்லாமல் போர் போடக் கூடாது என்றது வாரியம். அந்தச் சந்தில் போர் எதுவும் வற்றவில்லை. இறைப்பைக் குறைத்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நான் வெட்டிய கிணறுகளுக்கு இரண்டாவது இடம்தான். என் தொழிலுக்கு இது நல்ல விளம்பரம் இல்லை.

இதே விஷயத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கோலாருக்குப் போக வேண்டும். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளுக்கு 44 கோடி லிட்டர் வீதம் கோலார் மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு ஏற்றுகிற திட்டம் 2018-ல் ஓடத் தொடங்கியது. தொம்மலூர் சாக்கடையும் அதில் அடக்கம். சில வாரங்களிலேயே ஏரியில் நுரை வந்து, வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், தடையும் விலக்கும் மாறி மாறி வந்தன. ஏரியில் நேராக மோட்டார் போட்டு எடுக்கக் கூடாது, தண்ணீர் ஊறிக் கிணற்றிலும் போரிலும் ஏறட்டும் என்பது விதி. ஏறியது. பல வருடம் மூடிக் கிடந்த போர்களில் மறுபடி மோட்டார் இறக்கச் சொல்லி அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், தண்ணீர் ஏறினதும் தக்காளியும் ஏறியிருந்தது. ஊறவிடுகிற கை அரசாங்கத்துடையது, இறைக்கிற கைக்கு அளவு கிடையாது.

இதில் ஆற்றுக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 44 கோடி லிட்டர் முழுசாக ஓடினால் வருடத்துக்கு ஐந்தரை டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல். உச்ச நீதிமன்றம் பெங்களூருக்குக் கூட்டிக் கொடுத்ததைவிட அதிகம். மூலம் காவிரியும் நகரத்துப் போர்களும். மேட்டைத் தாண்டி வந்து, தென்பெண்ணைக்குப் போக வேண்டியது, கோலாருக்கு ஏறுகிறது. அந்த மாவட்டத்தின் ஒரு பகுதி பாலாற்றுப் படுகை. மூன்று ஆறுகளும் தமிழ்நாட்டுக்குள் வருகிறவை. 1892-ல் மெட்ராஸும் மைசூரும் போட்ட ஒப்பந்தம் தென்பெண்ணைக்கும் பாலாற்றுக்கும் உண்டு. தென்பெண்ணைப் படுகையில் மார்க்கண்டேய நதி அணைக்கு எதிராகத் தமிழ்நாடு போட்ட மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளி, நடுவர் மன்றம் கேட்டு ஒன்றிய அரசிடம் போகச் சொன்னது. கெலவரப்பள்ளிக்கு இப்போது வருவதில் நல்ல தண்ணீர் எவ்வளவு, நுரை எவ்வளவு என்று ஓசூர் விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். கோலார் விவசாயிக்குத் தண்ணீர் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களைப் போல வறட்சி பார்த்தவர்கள் குறைவு. ஆனால் ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றின் நிலத்தில் ஊறவிட்டு, மூன்றாவது ஆளை இறைக்கவிட்டால், எந்த நடுவர் மன்றமும் அதைப் பிரித்து எழுத முடியாது. போர் மீட்டர் ஒன்றுதான் அதற்கு முதல் சாட்சி.

2024 அக்டோபர் 16-ல் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது. நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவருவதற்கான திட்டம் அது. புறநகருக்குக் குழாய் போனால் அங்கே போர் ஓய்வெடுக்கும் என்று வாரியம் நினைக்கலாம். நான் பார்த்தவரை யாரும் போரை மூடுவதில்லை. குழாய்த் தண்ணீரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, போர்த் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

அதனால் இப்போது வேலைக்குக் கூப்பிடுகிற எல்லாரிடமும் ஒரே நிபந்தனை வைக்கிறேன். நீங்கள் தொம்மலூரில் இருந்தாலும் சரி, தொட்டபள்ளாபூரில் இருந்தாலும் சரி, தஞ்சாவூரில் இருந்தாலும் சரி: கிணறு வெட்ட என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் மோட்டாரில் மீட்டர் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை மட்டம் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் வாருங்கள், எங்கே வெட்டலாம் என்று பேசலாம்.